சட்டத்தின் மூலத்தைத் தேடிப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் அம்மையார் ஒருவர், தம் வீட்டுக் கூரையின் உட்புறத்தில் படர்ந்திருந்த ஈரக் கறையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு ஒருநாள் என்னிடம் வந்தார். கூடவே, வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். “மேல்வீட்டுக்காரர்தான் பழுது பார்க்க வேண்டும், இது சட்டம்” என்று அதில் இருந்தது. எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்ற விவரம் ஒன்றுமில்லை. நிர்வாக அலுவலகத்தில் அதைக் காட்டியபோது, அங்கிருந்தவர் வேறொரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நான் வழக்கறிஞன் அல்லன். ஜார்ஜ்டவுனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இந்தக் கட்டுரை சட்ட ஆலோசனை ஆகாது. நீதிபதி எந்த ஏட்டைப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறாரோ, அந்த ஏட்டில் பெரும்பகுதி நமக்கும் காசில்லாமல் கிடைக்கிறது என்பதையும், அதை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதையும் மட்டுமே இங்கே சொல்கிறேன். ஏட்டைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்த ஏடு இன்று நடப்பில் உள்ளதுதானா என்று உறுதிசெய்வதே கடினமான வேலை. கட்டுரையில் பாதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

சட்டம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் பல அடுக்குகளைக் கொண்டது. மேலே கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் இருக்கிறது; அதன் 4ஆவது விதி அதுவே நாட்டின் தலையாய சட்டம் என்கிறது. அதற்குக் கீழே நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களும், மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்களும் வருகின்றன. அவற்றின் கீழ் அமைச்சரோ அதிகாரம் பெற்ற அமைப்போ வெளியிடும் விதிமுறைகள், ஆணைகள், துணைவிதிகள் வருகின்றன. இவற்றைத் துணைச் சட்டங்கள் என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் நீதிமன்றங்கள் கொடுத்த பொருள்விளக்கம் தீர்ப்புகளில் இருக்கிறது.

புதியவர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றச் சட்டத்தைப் படித்துவிட்டு, தாங்கள் தேடியது அதில் இல்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். அம்மையாரின் கூரைக் கசிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடுகளை நிர்வகிப்பது பற்றிய சட்டம் 2013ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம். அதன் எண் 757. அதை எவ்வளவு புரட்டினாலும், கசிவு ஏற்பட்டால் யார் எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் கிடைக்காது. அது அந்தச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட 2015ஆம் ஆண்டின் பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகளில் இருக்கிறது. நாள் கணக்கு, படிவ எண், கட்டணம் போன்றவை அநேகமாகத் துணைச் சட்டத்தில்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டத்தின் எண்ணைப் பிடியுங்கள்

சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் கூட்டரசுச் சட்டங்களுக்கென ஓர் இணையத்தளத்தை நடத்துகிறது. பதிவுக் கட்டணம் இல்லை. மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் சட்டங்களை இறக்கிக்கொள்ளலாம். பெயரைத் தட்டித் தேடுவதைவிட எண்ணைக் கொண்டு தேடுவது நல்லது. பெயர் இரு மொழிகளில் இரண்டு விதமாக இருக்கும், எண் மாறாது. வேலைவாய்ப்புச் சட்டம் 1955 என்றால் 265, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 என்றால் 599, ஒப்பந்தச் சட்டம் 1950 என்றால் 136.

இதில் ஒரு பழைய பொறி உண்டு. 1969ஆம் ஆண்டுக்கு முந்தைய சட்டங்களை அந்தந்த ஆண்டுக்குள் வரிசைப்படுத்தி எண்ணிட்டார்கள். தேசிய நிலச் சட்டத்தைப் பழைய தீர்ப்புகளில் “1965ஆம் ஆண்டின் 56ஆவது சட்டம்” என்று குறித்திருப்பார்கள். அதை நம்பி இன்றைய வரிசையில் 56 என்று தட்டினால், திரையில் வந்து நிற்பது 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். நிலச் சட்டம் 2020இல் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு, இப்போது 828 என்ற எண்ணில் இருக்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தக் குழியில் ஒருமுறையாவது விழுந்து எழுந்தார்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. தேசிய மொழிச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, 1967 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் இயற்றப்படும் சட்டங்களுக்கு, மாமன்னர் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, மலாய்ப் பாடமே அதிகாரபூர்வமானது. நாம் ஆங்கிலத்தில் படிப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு சொல்லின் மீது வழக்கே தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதே பிரிவை மலாய்ப் பாடத்திலும் படித்து இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதப்பட்ட கையேடுகள், நான் எழுதும் இதுவும் உட்பட, புரிந்துகொள்வதற்குத் துணை நிற்குமே தவிர, மூலத்துக்கு ஈடாகா.

நடப்பில் உள்ளதா என்று பாருங்கள்

இங்கே நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டில் உறவுக்காரப் பெண் ஒருவர் பேறுகால விடுப்பு எத்தனை நாள் என்று தொலைபேசியில் கேட்டார். அலமாரியில் இருந்த கையடக்கப் பதிப்பைப் புரட்டி, “60 நாள் அம்மா” என்றேன், முப்பது ஆண்டு அனுபவத்தின் முழு உறுதியோடு. மறுநாள் அவரே திரும்ப அழைத்து, 98 நாள் என்று தம் தோழிகள் சொல்வதாகத் தயக்கத்துடன் சொன்னார். தோழிகள் சொன்னதே சரி. வேலைவாய்ப்புச் சட்டத்துக்கான 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த எண்ணிக்கையை மாற்றியிருந்தது. என் புத்தகம் மாறவில்லை.

அந்தத் திருத்தத்தின் கதை இந்தப் படி முழுவதையும் கற்றுக்கொடுக்கும். திருத்தச் சட்டங்களின் எண்ணுக்கு முன்னால் ‘ஏ’ என்ற எழுத்து வரும், இது ‘ஏ1651’. அது 2022ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தைக் கடந்து அரசிதழில் வெளிவந்துவிட்டது. ஆயினும் அரசிதழில் வெளிவந்த நாளும் நடப்புக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; பல சட்டங்களில் அந்தத் தேதியை அமைச்சர் தனி அறிவிப்பின் மூலம் குறிப்பார். முதலில் 2022 செப்டம்பர் 1 என்று சொல்லப்பட்ட தேதி ஒத்திவைக்கப்பட்டு, 2023 ஜனவரி 1 ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் புதிய சட்டத்தைப் படித்துவிட்டு 98 நாள் கேட்டவருக்கும் ஏமாற்றம்தான். பிறகு பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு 60 நாள் என்ற எனக்கும் தலைகுனிவுதான்.

ஆகவே, இறக்கிய கோப்பின் முதல் பக்கத்தை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள். எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பது அதில் இருக்கும். சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் புதுப்பித்து ஏற்றும் பாடங்கள் பலவற்றில், சட்ட மறுசீராய்வு ஆணையர் 1968ஆம் ஆண்டின் சட்ட மறுசீராய்வுச் சட்டத்தின்கீழ் மறுபதிப்புச் செய்யும்வரை இது அதிகாரபூர்வப் பாடம் அன்று என்ற எச்சரிக்கையும் இருக்கும். இதைக் கண்டு மிரள வேண்டாம். படிப்பதற்கு அந்தப் பாடம் போதுமானது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டிய நிலை வந்தால், மூலச் சட்டத்தையும் அதன் பிறகு வந்த திருத்தச் சட்டங்களையும் அரசிதழ்ப் பிரதியாகச் சேர்த்துவைப்பதே பாதுகாப்பு.

அரசிதழையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். துணைச் சட்டங்கள் அங்கே ‘பி.யூ.’ (P.U.) என்ற எழுத்துகளுடன் இரண்டு வரிசைகளில் வரும். ‘ஏ’ (A) வரிசையில் விதிமுறைகள், ஆணைகள் போன்றவை இருக்கும். ‘பி’ (B) வரிசையில் நியமனங்களும், நடப்புக்கு வரும் தேதிகளும், பிற அறிவிப்புகளும் இருக்கும். ஒரு சட்டம் எப்போது நடப்புக்கு வந்தது என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவது வரிசையைப் பார்க்க வேண்டும். இந்த எழுத்துகளை எல்லாம் தளத்தில் ரோமன் எழுத்திலேயே தட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாடாளுமன்றச் சட்டமாயிற்றே, நாடு முழுவதும் ஒரே நாளில்தானே தொடங்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம் கோலாலம்பூரில் 2015 ஜூன் 1ஆம் தேதியும், பினாங்கில் 2015 ஜூன் 12ஆம் தேதியும் நடப்புக்கு வந்தது. பதினொரு நாள் வேறுபாடு இன்று யாருக்கும் பெரிதன்று. அந்தப் பதினொரு நாளுக்குள் பினாங்கில் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்ட நிர்வாகக் குழு எதுவும் இருந்திருந்தால், அதற்குப் பெரிது.

அம்மையாரின் கூரைக்குத் திரும்புவோம்

அரசிதழில் 2015ஆம் ஆண்டுக்குச் சென்று, ‘ஏ’ வரிசையில் 107ஆம் எண்ணைத் தேடினோம். ஸ்த்ராத்தா பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகள் வந்தன. அவற்றின் பிற்பகுதியில் மாடிகளுக்கிடையிலான கசிவு பற்றிய விதிகள் உள்ளன. கசிவு பற்றி அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்வையிட வேண்டும்; பார்வையிட்ட பிறகு 28ஆம் எண் படிவத்தில் காரணத்தைக் குறித்துச் சான்றிதழ் தரவேண்டும். கறை கூரையில் தெரிந்தால், குறை மேலே உள்ள வீட்டிலோ மேலே உள்ள பொதுப் பகுதியிலோதான் இருக்கிறது என்று, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அனுமானிக்க வேண்டும்.

வாட்ஸ்அப் செய்திக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேல்வீட்டுக்காரர்தான் பொறுப்பு என்று விதி முடிவுகட்டவில்லை. பொதுக் குழாயில் வெடிப்பு இருந்தால் பொறுப்பு நிர்வாகத்தின் மீதே விழும். அம்மையார் கேட்கவேண்டியிருந்தது மேல்வீட்டுக்காரரின் பணத்தை அன்று, நிர்வாகத்தின் 28ஆம் படிவத்தை. விதியை மலாயில் அச்செடுத்து, அரசிதழ் எண்ணை மேலே எழுதி, ஒரு கடிதத்துடன் இணைத்துக் கொடுத்து, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கி வரச் சொன்னேன். அந்த முத்திரைத் தேதியிலிருந்துதான் 7 நாள் எண்ணப்படும்.

தீர்ப்புகளைத் தேடும் முறை

சட்டத்தின் சொற்களுக்கு நீதிமன்றம் என்ன பொருள் கொடுத்தது என்று தெரிந்துகொள்ளத் தீர்ப்புகளுக்குப் போக வேண்டும். மலேசிய நீதித்துறையின் இணையத்தளத்தில் தீர்ப்புகளுக்கென ஒரு பகுதி இருக்கிறது. வழக்கு எண்ணையோ தரப்பினர் பெயரையோ கொடுத்துத் தேடி, தீர்ப்பை முழுமையாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

வழக்கு எண் பார்ப்பதற்குக் கரடுமுரடாக இருக்கும்; ஆனால் மோட்டார் வண்டியின் பதிவு எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் அதையும் படித்துவிடலாம். கோலாலம்பூர் வண்டிகளுக்குரிய ‘டபிள்யூ’ கோலாலம்பூர் உயர்நீதிமன்ற வழக்குகளின் தொடக்கத்திலும், பினாங்கு வண்டிகளுக்குரிய ‘பி’ (P) பினாங்கு வழக்குகளின் தொடக்கத்திலும் வரும். உயர்நீதிமன்றத்தில் 22 என்றால் சம்மன் மூலம் தொடங்கிய உரிமையியல் வழக்கு, 24 என்றால் தொடக்க மனு, 25 என்றால் நீதிமுறை மறுஆய்வு (அரசு அமைப்பின் முடிவை நீதிமன்றம் ஆராய்வது), 33 என்றால் மணமுறிவு மனு. இறுதியில் மாதமும் ஆண்டும் இருக்கும்.

தம் பிள்ளைகளின் மதமாற்றத்தை எதிர்த்து இந்திரா காந்தி என்ற மலேசியத் தாய் தொடுத்த, நம்மில் பலருக்கும் தெரிந்த வழக்கையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29ஆம் தேதி அளித்த அந்தத் தீர்ப்பைச் சட்ட இதழ்களில் [2018] 1 எம்.எல்.ஜே. 545 என்று குறிப்பார்கள். மலாயன் லா ஜர்னலின் 2018ஆம் ஆண்டு முதல் தொகுதியில் 545ஆம் பக்கத்தில் தொடங்குகிறது என்பது அதன் பொருள். அதே தீர்ப்பு வேறொரு நிறுவனத்தின் கரண்ட் லா ஜர்னல் என்ற இதழில் [2018] 3 சி.எல்.ஜே. 145 ஆகும். தீர்ப்பு ஒன்றே, முகவரிதான் இரண்டு. இரண்டு எண்களைக் கண்டு இரண்டு தீர்ப்புகள் என்று எண்ணியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீதிபதி ஜைனுன் அலி எழுதிய அந்தத் தீர்ப்பு, பிள்ளையின் மதமாற்றத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூறியது. நாளிதழ்ச் செய்தி அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். அந்த முடிவுக்கு நீதிமன்றம் எந்தப் படிகளில் ஏறி வந்தது, உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் பற்றி என்ன சொன்னது என்பதெல்லாம் தீர்ப்பைப் படித்தால்தான் தெரியும்.

சட்ட இதழ்களுக்குச் சந்தா கட்டவேண்டும், அது சிறிய தொகையும் அன்று. ஆனால் இதழ்களுக்குச் சொந்தமானது தீர்ப்பின் மேலே அச்சிடப்படும் சுருக்கக் குறிப்பும் அவர்களுடைய தொகுப்புமே. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகளையும் சட்ட விதிகளாக அரசு வெளியிடும் பாடங்களையும் இலக்கியப் படைப்பு என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்திருக்கிறது. ஆகவே தீர்ப்பின் வாசகத்தை நகலெடுக்கத் தயங்க வேண்டாம். இதழின் சுருக்கக் குறிப்பைத் தீர்ப்பின் வாசகம் என்று எண்ணி மேற்கோள் காட்டவும் வேண்டாம்.

தேடிய தீர்ப்பு கிடைக்காமல் போகவும் கூடும். கீழ் நீதிமன்றங்களில், தோற்றவர் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் தீர்ப்புக்கான காரணங்கள் எழுத்தில் வரும். மேல்முறையீடு இல்லாமல் முடிந்த வழக்கில் தேடிப் படிக்க ஒன்றும் இருக்காது. கிடைத்த தீர்ப்பு மேல் நீதிமன்றத்தில் கவிழ்க்கப்பட்டதா என்று பார்ப்பதும் நம் கடமையாகிறது. இலவசத் தளங்கள் அதைத் தாமாகச் சொல்லா. அதே தரப்பினர் பெயரைக் கொண்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் கூட்டரசு நீதிமன்றத்திலும் மீண்டும் தேட வேண்டும். மேலே போகப் போக வாதி பிரதிவாதி பெயர்கள் இடம் மாறியிருக்கும் என்பதால், இரண்டு பெயரையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வழக்கு கேட்கிறார்கள். அவை இல்லாத வழக்குக்கும் எண்ணும் ஆண்டும் வைத்துத் தந்துவிடும். தளத்தில் திறந்து கண்ணால் பார்க்காத தீர்ப்பை யாருக்கும் எழுதிக்கொடுக்காதீர்கள்.

கடல்கடந்த தீர்ப்புகள்

1956ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு, தீபகற்ப மலேசியாவில் எழுத்துச் சட்டம் இல்லாத இடங்களில், 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் நிலவிய, தீர்ப்புகளின் வழி உருவான பொதுச் சட்டத்தைப் பின்பற்றச் சொல்கிறது. அதனால் பழைய ஆங்கிலத் தீர்ப்புகள் இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்துரைக்கப்படுகின்றன. பிரிட்டிஷ், ஐரிஷ் தீர்ப்புகளுக்கான ‘பெய்லி’ (BAILII) என்ற இலவசத் தளத்தில் அவற்றுள் பலவும், முன்பு நம் வழக்குகளுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகளும் கிடைக்கும்.

இந்தியத் தீர்ப்புகள் நமக்கு இன்னும் நெருக்கம். நம்முடைய குற்றவியல் தொகுப்பும் சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் இந்தியச் சட்டங்களின் வார்ப்பில் எழுந்தவை. ‘இந்தியன் கானூன்’ தளத்தில் அந்தத் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் பிரிவு எண்ணில் கவனம் வேண்டும்: ஒப்பந்த மீறலுக்கு முன்கூட்டியே குறித்த தொகை பற்றிய பிரிவு இந்தியாவில் 74, இங்கே 75, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பற்றியது அங்கே 27, இங்கே 28. மேலும், 2024 ஜூலை 1 முதல் இந்தியா தன் தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் புதிய சட்டங்களால் மாற்றிவிட்டது. அதற்குப் பிந்தைய இந்தியத் தீர்ப்பில் காணும் எண் எந்தச் சட்டத்தினுடையது என்று பார்த்த பிறகே ஒப்பிடுங்கள். நம் நீதிபதியை இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தமாட்டா. அவர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம்.

இணையத்தில் கிடைக்காதவை

கூட்டரசுத் தளத்தில் மாநிலச் சட்டங்களும் ஊராட்சித் துணைவிதிகளும் இருக்கமாட்டா. அவற்றுக்கு மாநில அரசிதழையே நாட வேண்டும். மாநகர் மன்றத்தின் துணைவிதியானால் அந்த மன்றத்தின் சட்டப் பிரிவில் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது சுருக்கமான வழி. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம் பெரிய வசதி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்ட நூலகத்துக்குப் போக விரும்பும் வெளியார், முன்கூட்டியே அனுமதி விவரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஒரு வழக்கின் கோப்பில் உள்ள ஆவணம் வேண்டுமானால், அந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 60ஆவது ஆணை பதிவகத்தைப் பற்றியது. கோலாலம்பூர் வழக்குகளுக்குப் போகவேண்டிய இடம், முன்பு ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் உள்ள நீதிமன்ற வளாகம்; பினாங்குத் தீவில் லைட் சாலையில் உள்ள உயர்நீதிமன்றம். வழக்கு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் சொன்னால் முகப்பில் இருப்பவரால் உதவ முடியாது, அவர்மேல் குறையும் இல்லை. பொது ஆவணமானால், சாட்சியச் சட்டத்தின் 76ஆவது பிரிவின்கீழ் சான்றளிக்கப்பட்ட நகலாகவே கேளுங்கள்.

எனக்கு நெடுநாளாகவே ஒப்பாத ஒன்றும் உண்டு. சில விதிமுறைகள், கட்டுமானமோ மின்கருவியோ குறிப்பிட்ட மலேசியத் தர நிர்ணயத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். விதிமுறை இலவசம், அது சுட்டும் தர நிர்ணய ஏட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கீழ்ப்படியவேண்டிய சட்டத்தில் ஒரு பாதியை விலைக்கு வைத்திருப்பது முறையன்று என்பது என் கருத்து. வாங்கும் முன் எந்த ஆண்டுப் பதிப்பை விதிமுறை சுட்டுகிறது என்று பாருங்கள். புதிய பதிப்பு விற்பனையில் இருந்தாலும், விதிமுறை பழைய ஆண்டைக் குறித்திருக்கக்கூடும்.

தேடி எடுத்த ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும், எந்தத் தளத்திலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். வழக்காக மாறும் நிலை வந்தால், அந்தக் கோப்போடு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ அரசின் சட்ட உதவித் துறைக்கோ போகலாம். கோலாலம்பூர், பினாங்கு இரண்டிலும் அவை உண்டு. ஆயர் ஈத்தாம் அம்மையாருக்கு அந்த அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை. ஆறாம் நாள் நிர்வாகத்தார் ஏணியோடு வந்தார்கள். 28ஆம் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் பொதுக் குழாய் என்று எழுதியிருந்தது. மேல்வீட்டுக்காரர் அன்று மாலையே கீழே இறங்கி வந்து, அம்மையாரின் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனாராம்.